சீதக்குழிப் பாறையில் உப்பு

பிச்சைக்கனி மேஸ்திரிக்கு யாரையும் ஒரே பார்வையில் நம்பிப் பழக்கமில்லை. டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கினால் முதலில் அதன் அடியைத் தூக்கிப் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சும்மா சிரித்தாலும் சட்டைப்பையைத் தடவிக்கொள்வார். இதை ஒரு குறை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். ஆண்டவன் கண்ணைக் கொடுத்தது மூடிக்கொண்டு நடக்கவா என்று கேட்பார். அந்தக் கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்புகூட வரிசை மாற முடியாது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

வருஷத்தில் ஒன்பது மாதம் அவருக்குத் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை. தை பிறந்துவிட்டால் சொந்த ஊரான கடையம் பக்கத்து ஆட்கள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு, வித்துரா சந்தையைத் தாண்டி மேலே சரணாலயத்துக்குள் போய்விடுவார். கோடை வருவதற்குள் காட்டுக்குள் பயர் லைன் போட்டு முடிக்க வேண்டும். நாலாள் படுக்கிற அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, சருகை நடுவில் வாரிக் குவித்து, ரெண்டு நாள் காயவிட்டு, விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே எரித்துவிட வேண்டும். எரிந்து கருத்த அந்தப் பாதையைத் தாண்டிக் கோடைத் தீ போகாது. கையில் பச்சைக் கொப்போடு ரெண்டு பக்கமும் ஆள் நின்று தீயை அடித்து அடித்து நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் காட்டைக் காப்பாற்ற வந்தவனே காட்டைக் கொளுத்தியவனாகிவிடுவான். அந்த வேலையில் பிச்சைக்கனியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை வனத்துறைக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் அவருக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில் ஒருத்தன் துணிப்பைக்குள் சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருட்டிக் கொண்டுவந்து, லைன் ஓரமாக முயலுக்குக் கண்ணி வைத்தான். பிடிபட்டது அவன் ஒருத்தன், வெளியே போனது கூட்டம் முழுக்க. ரெண்டு வருஷம் அந்தக் கேட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்க முடியவில்லை. மூன்றாம் வருஷம் கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப உள்ளே வந்தார். இன்னொரு தடவை அப்படி நடந்தால் பதினோரு குடும்பமும் தன் வாசலில் வந்துதான் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் கூட்டத்தில் ரெண்டு புது முகம். ஒன்று அவருடைய மகள் கௌசல்யா, இன்னொன்று அவள் புருஷன் பால்பாண்டி. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போன இடத்தில், எதிர்த்த ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த பால்பாண்டியை அவள் கட்டிக்கொண்டாள். சொல்லாமல் கட்டினாள் என்பதால் ரெண்டு வருஷம் அப்பனும் மகளும் பேசவில்லை. பொங்கலுக்கு முன்னால் திடீரென்று போன் வந்தது. "அப்பா, நாங்க ரெண்டு பேரும் லைனுக்கு வரட்டா?" என்று கேட்டாள். வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பெண்டாட்டி போன பிறகு அவருக்கு என்று இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். அவள் திரும்பி வந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அளந்து சொல்ல முடியாது.

அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு முள்ளும் கிடந்தது. ஓட்டலில் மின்விசிறிக்கு அடியில் நின்று மாவு பிசைகிறவன் அட்டைக்கடியும் ஆனைப்பயமும் உள்ள காட்டுக்கு எதற்கு வருகிறான்? மகள் ஆசைப்பட்டாள் என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. வேறு ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

சீதக்குழி என்கிற இடத்தில் அவர்களுக்கு ஷெட். ஆனை வராமலிருக்கச் சுற்றிலும் அகழி மாதிரி ஆழமாகக் கிடங்கு வெட்டி, நடுவில் தகரக் கூரை போட்டது. கிடங்கைத் தாண்ட ஒரு பலகை. சமையல் பேச்சியின் பொறுப்பு. அவள் பிச்சைக்கனிக்கு ஒரே தெருக்காரி, வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். வந்து பத்து நாளில் அவள் ஒரு சமாசாரம் சொன்னாள். கல்லுப்பு குறைகிறதாம். குழம்பு கரிக்கவில்லை, ஊறுகாய் போடவில்லை, இருந்தும் மாதத்துக்கு வாங்கிய உப்பு பத்து நாளிலேயே பாதிக்குக் கீழே போய்விட்டதாம். எலி உப்புத் தின்னாதே அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவள் சிரித்ததோடு மறந்துவிட்டாள். பிச்சைக்கனிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் கண் உப்புப் பானைக்குக் காவல் நின்றது. மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பால்பாண்டி எழுந்து, துண்டு முனையில் எதையோ முடிந்துகொண்டு, பலகையைத் தாண்டி ஓடைப்பக்கம் தனியாக நடந்தான். எங்கே போகிறாய் என்று பிச்சைக்கனி கூப்பிட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரைமணி கழித்து வந்தவன் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையை அலம்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் "என்ன மாமா, கூப்பிட்டியளோ" என்று கேட்டான். துண்டு முனை அவிழ்ந்து கிடந்தது. காட்டு மாடும் ஆனையும் தண்ணீருக்கு இறங்குகிற நேரம் அது. காட்டுக்குக் காவல் சுற்றுகிற வாட்சர்களே ரெண்டு பேராகச் சேர்ந்துதான் போவார்கள். அந்த நேரத்தில் ஒருத்தன் தனியாகப் போகிறான் என்றால் உயிரைவிடப் பெரிய ஆசை ஏதோ அவனைப் பிடித்துத் தள்ளுகிறது என்று பிச்சைக்கனி கணக்குப் போட்டார்.

மூன்றாம் நாள் பிஜி மேடம் ஜீப்பில் வந்தாள். அந்தப் பகுதிக்கு வனத்துறை அதிகாரி அவள்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும், சத்தம் போட்டுப் பேசமாட்டாள், ஆனால் சொன்னால் சொன்னதுதான். லைனைப் பார்க்கிற சாக்கில் பிச்சைக்கனியை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணா, ஒரு காரியம் கேக்கணும். உங்க ஆளுங்கள்ல ஆரெங்கிலும் காலையில ஓடைப் பக்கம் போறதுண்டோ?"

எதற்குக் கேட்கிறீர்கள் என்றார் பிச்சைக்கனி. வாட்சர் சத்தியதாஸ் ஓடைக்கரைத் தட்டைப் பாறையில் உப்பைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் இல்லை, நாலு நாள். சுற்றி மிளா மானின் குளம்படி நெருக்க நெருக்கமாகக் கிடக்கிறது. மிளா உப்புக்கு அலைகிற மிருகம். வேட்டைக்காரர்கள் செய்கிற வேலை இதுதான் என்று பிஜி விளக்கினாள். பத்துப் பதினைந்து நாள் ஒரே இடத்தில் உப்பு வைத்துப் பழக்குவார்கள், மிளா பயமில்லாமல் வரத் தொடங்கியதும் ஒருநாள் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளே தங்கியிருக்கிற ஆள் ஒருத்தன் துணையில்லாமல் இது நடக்காது.

"நானாயிட்டு பிடிச்சா, கூட்டத்த முழுக்க எறக்கி விட வேண்டி வரும். நீங்களே சொன்னா அந்த ஒரு ஆளோட போகும். ரெண்டு நாளுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, கேட்டோ" என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பில் ஏறினாள்.

அன்று மத்தியானம் கொப்பு வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பாறைக்குப் போனார். ஈரமான பாறை நடுவில் உப்பை நக்கியெடுத்த தடம் இருந்தது. ஓரத்துப் பிளவுகளில் மிளகு கிடந்தது. பத்து, இருபது மிளகு. குனிந்து ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார். உப்பு மிளாவுக்கு, சரி. மிளகு எதற்கு? கொஞ்ச நேரம் நின்று யோசித்ததில் அதற்கும் விடை கிடைத்துவிட்டது. திருட்டு நடந்த வீட்டில் மோப்ப நாய் மூக்கை எரிக்க மிளகாய்ப்பொடி தூவிப் போவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். வனத்துறையிலும் நாய் வைத்திருக்கிறார்கள். அடேயப்பா, படித்த திருடன்தான் என்று அவர் பல்லைக் கடித்தார்.

அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் கிழக்கே பெரிய மலை முழுசாகத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர் அய்யனார் கோயில். அதையெல்லாம் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் குளம்படிகளுக்கு நடுவே பால்பாண்டியின் ரப்பர் செருப்புத் தடம் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருபக்கம் பதினோரு குடும்பத்துப் பிழைப்பு, இன்னொருபக்கம் இப்போதுதான் கைக்கு வந்து சேர்ந்த மகள். இவனைக் காட்டிக் கொடுத்தால் அவள் மறுபடி போய்விடுவாள், இந்தத் தடவை போனால் திரும்ப வரமாட்டாள். விட்டுவிட்டால் கூட்டம் போய்விடும். எரிகிற லைனுக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட மனுஷன் அந்த ரெண்டு நாள் வெந்த மாதிரி வெந்ததில்லை.

மகளைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார். சாப்பிடுகிற நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் உப்பு எங்கே போகிறது என்று பொதுவாகக் கேட்டுவைத்தார். பால்பாண்டி எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். சோற்றைப் பிசைந்தாளே தவிர ஒரு வாய்கூட உண்ணவில்லை. ஓகோ, இவளுக்கும் தெரியும் என்று பிச்சைக்கனிக்குப் பட்டது. அதற்குப் பிறகு பார்க்கப் பார்க்க எல்லாமே அதற்குச் சாட்சியாக வந்து விழுந்தன. ரெண்டு பேரும் போன் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வருகிறார்கள். அவள் கண் சிவந்திருக்கிறது. மற்றப் பெண்களோடு ஓடையில் குளிக்க வராமல் ஷெட்டுக்குப் பின்னால் தனியாகக் குளிக்கிறாள். சருகுக் கட்டைத் தூக்கச் சொன்னால் பால்பாண்டி ஓடி வந்து வாங்கிக்கொள்கிறான். திருட்டில் கூட்டு இருந்தால் இப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் தாங்குவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மகளும் கெட்டுப்போனாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது, அதைப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் மகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனைக் கழற்றி விடுவதுதான் வழி என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கேட் வரைக்கும் நடந்துபோய் பிஜியிடம் சொன்னார். பேரைச் சொல்லும்போது மருமகன் என்று சொல்லவில்லை, பரோட்டாக்காரன் என்று சொன்னார்.

மறுநாள் காலையில் அவர்கள் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே லைனின் கடைசித் துண்டை எரிப்பதற்குத் தயாராக நின்றார்கள். பனி இன்னும் புல்லில் இருந்தது. ஜீப் சத்தம் கேட்டது. முன்னால் பிஜி, பின்னால் சத்தியதாஸ், அவர் கைப்பிடியில் பால்பாண்டி. பாறையில் உப்பைக் கொட்டிவிட்டுக் கும்பிட்டபடி நின்றவனை அப்படியே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பலகையைத் தாண்டி ஷெட் முற்றத்தில் நிறுத்தியதும் கூட்டம் சுற்றி நின்றது. யார் சொல்லி உப்பு வைத்தாய் என்று பிஜி கேட்டாள். அவன் வாயே திறக்கவில்லை. வழியிலும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். யார் வருவார்கள், எத்தனை பேர், துப்பாக்கி எங்கே என்று சத்தியதாஸ் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிக் கேட்டார். அவன் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு, கையை நீட்டிக் காட்டி, அங்கே போக விடு என்பது மாதிரி ஜாடை செய்தான்.

அது பிச்சைக்கனிக்குப் பொறுக்கவில்லை. கையில் ஒட்டியிருக்கிற உப்பைக் கழுவித் தடயத்தை அழிக்கப் பார்க்கிறான் என்று அவருக்கு மின்னல் அடித்தாற்போல் புரிந்தது. ரெண்டே எட்டில் போய் அவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தார். பால்பாண்டி தள்ளாடி நின்றான். கண்ணில் தண்ணீர் கட்டியது, அப்போதும் உதடு பிரியவில்லை.

கௌசல்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவை அவள் பார்க்கவில்லை. தொட்டியில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டாள். இடது கையை அசைக்காமல் வலது கையால் மொண்டு, வலது கையாலேயே தூக்கி, புருஷன் கையில் ஊற்றினாள். அவன் ரெண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கழுவி முடித்ததும் பெருமூச்சு விட்டு, "இன்னையோட பதிமூணு" என்று சொன்னான். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை.

பேச்சிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். பாறையில் உப்பு மட்டும்தானா, மிளகும் இருந்ததா என்று சத்தியதாஸைக் கேட்டாள். மிளகும் இருந்தது என்றார் அவர். பேச்சி பிச்சைக்கனி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, உப்பும் மிளகும் சேத்துப் போட்டா என்னன்னு நம்ம ஊர்க்காரருக்குச் சொல்லித் தரணுமா? நீரே உம்ம காலு ஆணிக்கு ஆத்துல போட்டவருதான?"

மருவோ கட்டியோ உடம்பில் வந்தால் உப்பும் மிளகும் சாமிக்கு நேர்ந்து போடுவதும், உப்புக் கரைகிற மாதிரி அது கரைய வேண்டும் என்று கும்பிடுவதும், போகும்போதும் வரும்போதும் கை கழுவுகிற வரைக்கும் யாரோடும் பேசக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியாததா? பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். மோப்ப நாய் வரைக்கும் போன புத்தி அந்த ஒன்றை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

"யாருக்கு?" என்றார்.

கௌசல்யா இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "எனக்குத்தாம்ப்பா. மாருல கட்டி" என்றாள். சத்தம் போடாமல் அப்பாவுக்கு மட்டும் சொன்னாள், ஆனால் முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

மிச்சத்தைப் பால்பாண்டி சொன்னான். கார்த்திகையில் பார்த்தார்களாம், அப்போது புளியங்கொட்டை அளவு. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டால் அவள் வரமாட்டேன் என்கிறாள். அவளோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம், ஆஸ்பத்திரி போனவள் திரும்ப வேலைக்கு வரவேயில்லையாம். மலைக்கு இந்தப் பக்கமிருந்து நம்ம அய்யனாருக்கு நேர்ந்துகொள்கிறேன், இருபத்தொரு நாள் உப்பு மிளகு போடு, அதற்கும் கரையவில்லை என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவன் ஒப்புக்கொண்டான். ஆனை வருமே என்று பிஜி கேட்டதற்கு, வந்தால் வரட்டும் என்று மட்டும் சொன்னான். மிளா வந்து நக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது. வைத்த உப்பு மறுநாள் காலையில் காணாமல் போயிருப்பதைப் பார்த்து சாமி எடுத்துக்கொண்டது என்று ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

பிஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கௌசல்யாவை ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் பேசினாள். வெளியே வந்தபோது அவள் முகம் அதிகாரி முகமாக இல்லை.

"இது உப்புல கரையற காரியம் இல்ல. இருபத்தொண்ணு வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இப்பவே மெடிக்கல் காலேஜ் போலாம். நான் கூட வரேன், பேடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சத்தியதாஸிடம் ஜீப்பைத் திருப்பச் சொன்னாள். பாறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேறு ஒரு வாட்சருக்கு வயர்லெஸ்ஸில் சொன்னாள். கூட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிச்சைக்கனியும் கேட்கவில்லை.

பேச்சி லைனைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பனி காய்வதற்குள் எரித்தாக வேண்டும், ஆள் இருக்கிறது, போங்கள் என்றாள். போகச் சொல்லி அவரை வேறு யாரும் கூப்பிடவில்லை. அவராகவே ஜீப்பின் பின்பக்கம் ஏறிப் பால்பாண்டிக்கு எதிரே உட்கார்ந்தார். முன்னால் பிஜிக்கும் சத்தியதாஸுக்கும் நடுவில் கௌசல்யா இருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய பின்னல் மட்டும் தெரிந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தார். எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

செம்மண் பாதையில் ஜீப் குலுங்கிக் குலுங்கி இறங்கியது. பால்பாண்டியின் கன்னத்தில் நாலு விரலும் சிவந்து தெரிந்தன. பிச்சைக்கனி அவன் பக்கம் குனிந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, மாப்ள."

அவரை அவன் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. "சொல்லத்தான் மாமா வந்தோம்" என்றான். "அவளுக்கு உங்களப் பாக்கணும்னு இருந்திச்சு. நீங்க கேட்டா சொல்லணும்னுதான் இருந்தா. வந்த நாள்லேந்து என்னய எங்க போறன்னு கேட்டிய, உப்பு எங்கன்னு கேட்டிய. அவள எப்படி இருக்கன்னு ஒரு நாளும் கேக்கலிய."

வித்துரா ரோட்டுக்கு ஜீப் வந்துவிட்டது. கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பிச்சைக்கனி எழுந்து, குனிந்தபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலையருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"வலிக்கா, ஏட்டி?"

கௌசல்யா திரும்பவில்லை. "இல்லப்பா" என்றாள்.

அவர் அதை நம்பவில்லை.